செயற்கைக்கோளைக் கீழே இழுப்பது காற்றுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரியப் புயல் வந்தாலே 'செயற்கைக்கோள்களைத் தாக்கியது' என்று எழுதிவிடுகிறோம். தாழ்வான சுற்றுப்பாதையில் நடப்பது வேறு. சூரியனின் புறஊதாக் கதிரும், புயல் வேளையில் துருவப் பகுதியில் பாயும் மின்னோட்டமும் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்க, அது பாலைப் போலப் பொங்கி எழுகிறது. 400 கி.மீ. உயரத்தில், சூரியன் அடங்கிய ஆண்டுக்கும் உச்ச ஆண்டுக்கும் காற்றடர்த்தி ஏறத்தாழ 10 மடங்கு வேறுபடும். அடர்த்தி இரட்டித்தால், செயற்கைக்கோளைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசையான இழுவையும் இரட்டிக்கும். எடை குறைந்து, சூரியத் தகடு அகன்ற செயற்கைக்கோளுக்கே பாதிப்பு அதிகம்.

2022 பிப்ரவரி 3-ல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் முதலில் சுமார் 210 கி.மீ. உயரத்தில் விடப்பட்டன. வந்தது பெரும்புயல்கூட இல்லை. ஆனால் இழுவை 50 சதவீதம் வரை கூடியது. காற்றுக்கு விளிம்பைக் காட்டும்படி கோள்களைத் திருப்பியும் 38 கோள்கள் எரிந்துபோயின.

மகேந்திரகிரியில் நடக்கும் இஸ்ரோ ராக்கெட் என்ஜின் சோதனைகளை விடாமல் வெளியிடுகிறீர்கள், மகிழ்ச்சி. நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் இருக்கிறது. புவியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியுள்ளது என்பதை 0 முதல் 9 வரை காட்டும் கேபி (Kp) குறியீட்டையும், சூரியனின் செயல்பாட்டைக் காட்டும் 10.7 செ.மீ. ரேடியோ அலை அளவையும் வானிலைப் பெட்டியில் தினமும் இரண்டு வரியாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

– வாசகர், பாளையங்கோட்டை