சூரை ஒதுக்கீடும் போர்க்கால ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை என்று பேச்செடுத்தாலே இந்தியாவா சீனாவா என்ற பட்டிமன்றத்தில் போய் முடிகிறது. கிழக்கு மாகாணத்தின் வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளின் பிழைப்போ வேறொரு மேசையில் பேசப்படுகிறது.

அது, சூரை (டூனா) மீன்பிடிக்கு நாடுகள் கூடி விதி வகுக்கும் இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு. அதன் தலைமையகம் சீஷெல்ஸில் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வாக்குத்தான். இணக்கம் வராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதன்பிறகும் பிடிக்காத நாடு 120 நாட்களுக்குள் ஆட்சேபித்து விலகிக்கொள்ளலாம். சிறிய நாடு இங்கே பெரிய நாட்டின் பின்னால் நிற்கத் தேவையில்லை. 2016இல் வரிச்சூரைக்கான பிடிக் கட்டுப்பாட்டு விதியை முன்னின்று நிறைவேற்றவைத்தது மாலைதீவு.

எந்த நாட்டுக்கு எவ்வளவு மீன் என்ற ஒதுக்கீட்டுப் பேச்சு 2011 முதல் இழுபடுகிறது. தொலைவிலிருந்து கப்பல் அனுப்பும் நாடுகள் கடந்தகாலப் பிடியின் சராசரியை அடிப்படையாக்கச் சொல்கின்றன. கரையோர நாடுகளோ, தம் 200 கடல்மைலுக்குள் யார் பிடித்திருந்தாலும் அது தம் கணக்கு என்கின்றன. இரண்டாவது வாதம் நமக்குச் சாதகம். ஆனாலும் அது மட்டும் கிழக்குக்குப் போதாது. போரில் கடலுக்குப் போகத் தடை, நேரக் கட்டுப்பாடு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு படகே இல்லை. பிடிபடாத மீனை எந்த முறையில் கூட்டினாலும் பூச்சியம்தான். அந்த ஆண்டுகள் சராசரிக்குள் போனால், இழந்ததற்கு இன்னொரு முறை தண்டனை. 2016இல் மஞ்சள் துடுப்புச் சூரையைக் குறைத்தபோது 2014ஆம் ஆண்டுப் பிடியை வைத்தே பெரும் சுற்றுவலைப் பிடிக்கு 15, செவுள் வலைக்கு 10 சதவீதம் வெட்டினார்கள். அடிப்படை ஆண்டு எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விதிவிலக்கு கேட்பது புதிதல்ல. ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் நம் இராஜதந்திரி ஷர்லி அமரசிங்க. வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கென்று தனி விதி, வண்டல் பாறை 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடங்களை இணைத்துக் கண்டத்திட்டு விளிம்பை (கடலுக்கடியில் நீளும் நிலத்தின் எல்லையை) வரையலாம் என்று, மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இணைப்பாகவே சேர்ந்தது. அனுதாபம் கேட்டு அது கிடைக்கவில்லை. கடலடி அளவைகளைக் காட்டி வாதாடிக் கிடைத்தது.

இங்கும் அதுதான் வழி. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பழைய படகுப் பதிவுகள், தடை அறிவித்தல்கள், சுனாமிச் சேதப் பட்டியல்கள் எல்லாம் மாவட்ட அலுவலகங்களில் தூசு படிந்து கிடக்கும். அவற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்து, எந்தெந்த ஆண்டுகளை நீக்க வேண்டும் என்று வரைவாகவே எழுத வேண்டும். முன்மொழிவுகள் அமர்வுக்கு 30 நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். கடைசிக் கிழமையில் அமைச்சில் கோப்பு நகர்ந்து பயனில்லை. போகும் அதிகாரியை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதும் கெடுதி. காற்புள்ளிக்கு நடந்த சண்டை முன்பு போனவருக்குத்தான் தெரியும்.

இன்றைய கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். சிறிய மஞ்சள் துடுப்பும் பெருங்கண் சூரையும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். இறங்குதுறையில் இரண்டையும் 'சூரை' என்று ஒரே வரியில் எழுதினால் பிரிப்பது வெளியாரின் ஊகம். ஒலுவில் துறைமுக வாயை மணல் அடைக்கும்போது அம்பாறைப் படகு வேறு துறையில் மீனை இறக்குகிறது. லொக் புத்தகத்தில் (படகின் பிடிப் பதிவேட்டில்) படகின் சொந்த ஊரையும் எழுதவைத்தால், நாளை ஒதுக்கீடு நாட்டுக்குள் பிரியும்போது கல்முனைக்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
வாழைச்சேனை.