மாம்பழத்தின் ஆயுள் தோட்டத்தில் தொடங்குகிறது

ஆசிரியருக்கு,

கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் சந்தையில் அழுகி வீணாவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, குளிர்க் களஞ்சியம் இல்லாமையையே காரணமாகக் காட்டியது. அது பாதி உண்மைதான். பழத்தோலில் கரும்புள்ளி விழுத்தும் அந்திரக்னோஸ் பூஞ்சணம் பூவிலும் பிஞ்சிலுமே தொற்றி, காய் பழுக்கும்வரை வெளித்தெரியாமல் கிடக்கிறது. குளிர் அதை மந்தப்படுத்துமேயன்றி அழிக்காது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனாலோ காயே பழுதாகும். பசளையாலும் பழம் கெடும்: யூரியாவை அளவுமீறி இட்டால் தளிர் பெருகும். அப்போது வேரிலிருந்து நீரோடு ஏறும் கல்சியம் பெரும்பாலும் இலைகளுக்கே போய்விடும். கல்சியம் குறைந்த பழத்தின் தோல் நன்றாயிருக்க, உள்ளே விதையைச் சுற்றிய சதை குழையும். எங்கள் யாழ்ப்பாண மண்ணில் சுண்ணாம்பு தாராளம் என்பதால் இக்குறை வராதென்று எண்ணுவது தவறு.

குழை நெருங்கிய, கவாத்துச் செய்யாத மரத்துப் பழங்களிலேயே புள்ளி அதிகம் விழுவதை வலிகாமத் தோட்டங்களில் தொடர்ந்து காண்கிறேன். ஆகவே, சேமிப்பு ஆய்வுக்கு எடுக்கும் ஒவ்வொரு தொகுதிக் காய்க்கும் மரத்துக்கிட்ட பசளையின் அளவு, இறைப்பு இடைவெளி, கவாத்துச் செய்த காலம், பறித்த திகதி ஆகியவற்றை யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் விவசாயத் திணைக்களமும் சேர்த்துப் பதிய வேண்டும். அம்முடிவுகளை அடுத்த பூக்கும் பருவத்துக்கு முன்பே விவசாயப் போதனாசிரியர்கள் மூலம் செய்கையாளருக்குத் தர வேண்டும்.

பழச்செய்கையாளர் ஒருவர்,
உரும்பிராய்.