ஒப்புதல் வாக்குமூலங்களில் சாட்சிக் கையெழுத்திடும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். அமர்வு நீதிமன்றங்களில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தரப்பில் வழக்காடுபவன் நான். கூண்டில் நிற்கும் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வது என் தொழில் என்பதால், இம்மடலை நீங்கள் சற்றுச் சந்தேகத்தோடு படித்தால் அது நியாயமே.

கொலை வழக்கில் எதிரி பிடிபட்டதும் உங்களுக்கும் உங்கள் கிராம உதவியாளருக்கும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. பொதுமக்கள் சாட்சி சொல்லத் தயங்குகிறார்கள், வந்தாலும் பிறழ்ந்துவிடுகிறார்கள் என்பதால் அரசு ஊழியரான உங்களைத் தேடுகிறார்கள். அதில் நான் குறை காணவில்லை. அங்கே போனபின் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காவல் அதிகாரியிடம் எதிரி சொல்லும் ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு விதித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த விதி புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய 27-ஆம் பிரிவின் விதிவிலக்கும் அங்கேயே சேர்க்கப்பட்டுள்ளது. காவலில் இருக்கும் எதிரி சொன்ன தகவலால் ஏதேனும் கண்டறியப்பட்டால், அதனுடன் நேரடித் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகச் செல்லும். சென்னை மாகாணத்திலிருந்து, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுக்குரி கோட்டையா வழக்கில் இதற்குக் கோடு கிழித்தார்கள்: கத்தியை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னது செல்லும், அதைக் கொண்டு இன்னாரைக் குத்தியதாகச் சொன்னது செல்லாது. ஆக, நான்கு பக்க வாக்குமூலத்தில் தேறுவது ஓரிரு வரிதான். அந்த வரி எதிரியின் வாயிலிருந்தே வந்தது என்று சொல்லப் பெரும்பாலும் காவல்துறைக்கு வெளியே உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

ஒரு வழக்கில் எதிரி கல்லுடைக்கும் தொழிலாளி; கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். வாக்குமூலத்திலோ வரிக்கு வரி ‘மேற்படி’யும் ‘மேற்கண்ட’வும். அவர் எந்தச் சொற்களில் சொன்னார் என்று சாட்சியான அலுவலரிடம் கேட்டேன். “எழுதியிருப்பதுதான் ஐயா” என்றார். அரிவாளை எடுத்தது கருவேலம் புதரிலா, ஆவாரஞ்செடி மறைவிலா என்பது அவருக்கு நினைவில்லை. ஜீப்பை விட்டே இறங்கவில்லை என்பது இன்னும் நான்கு கேள்விகளுக்குப் பின் தெரிந்தது.

சாட்சிகள் முதலில் காவல் நிலையத்துக்கு வரவேண்டும், எதிரி அவர்கள் முன்னிலையில் பேசவேண்டும், அவருடைய சொற்கள் அப்படியே பதிவாகவேண்டும், அதன் பிறகே பொருளை எடுக்கப் புறப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் விளக்கமாகவே கூறியிருக்கிறது. எழுதி முடித்த தாளை நீட்டினால், “என் முன்னால் மறுபடி சொல்லட்டும்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொருளைக் கைப்பற்றுவதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு நடக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, எதிரி தானாகவே உங்கள் அலுவலகத்துக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதப்படும் வாக்குமூலம். அதற்குத் தடையில்லைதான். ஆனால் முன்பின் அறியாத அலுவலரிடம் ஒருவர் ஏன் மனம் திறக்கிறார் என்ற கேள்விக்கு விடை வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே தரும் ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மையிலேயே ஒருவர் வந்தால், ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை என்று எச்சரித்த பிறகே பதிவு செய்யக் கடமைப்பட்ட நீதித்துறை நடுவரிடம் அவர் போவதே முறை.

அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, எதிரி என்ன சொன்னார், எங்கே இறங்கினீர்கள் என்பதை அன்றிரவே உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நீதிமன்ற அழைப்பாணை வருவதற்குள் நீங்கள் இரண்டு கிராமம் மாறியிருக்கக்கூடும். நான் கேட்கப்போகும் முதல் மூன்று கேள்விகள் இவைதான்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்