மண்டபம் முகாமுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கு

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த நாங்கள் இருக்கும் இந்த முகாமில் பெண்கள் உரிமை பற்றிப் பேச ஒரு நாள் கூடினோம். அதற்கு வந்தவர்களுக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தி நன்றி சொல்ல எங்களிடம் வசதி இல்லை, வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவும் செய்யாது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த வக்கீல் அக்காவுக்கு. பெண்கள் உரிமை என்று யார் பேச வந்தாலும் எங்கள் ஆட்கள் கேட்பது ஒன்றுதான், நாங்கள் இந்தியப் பிரஜை இல்லையே, இதெல்லாம் எங்களுக்குச் செல்லுமா? புருஷன் அடித்ததைச் சொல்லப் போன ஒருத்தியை முன்பு ஓர் அலுவலகத்தில் "இது உங்க முகாம் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை. அக்கா சட்டப் புத்தகத்தையே விரித்துக் காட்டினார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் குடியுரிமை நிபந்தனையே கிடையாது. இலவச சட்ட உதவிக்குப் பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அன்றைக்கே எல்லோரும் போனில் ஏற்றிக்கொண்டோம், சிலர் மட்டும் வேறு பெயர் போட்டு. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கிளிநொச்சியிலிருந்து வீடியோ காலில் வந்த அம்மாவுக்கு. ஊருக்குத் திரும்பலாமா என்று யோசிக்கும் பெண்கள் இங்கே நிறைய, அவர்களுக்கு "இப்போ எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்வதற்கு ஆள் பஞ்சமில்லை. இந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. அங்கேயும் 2005இலேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, 1938 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போடலாம், ஆனால் போகிற பொலிஸ் நிலையத்தில் தமிழ் பேசும் பெண் பொலிஸ் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். 2009இல் போர் முடிந்த பிறகு தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களின் வாசலுக்கே நுண்கடன் கம்பெனிகள் வந்ததையும், தவணை தவறினால் வசூலுக்கு வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். புருஷன் காணாமல் போன பெண்களுக்குத்தான் அதிகம் பேசினார். காணியை மாற்றவும் பாங்கில் பணம் எடுக்கவும் மரணச் சான்றிதழ் கேட்பார்கள், அதில் கையெழுத்துப் போட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? 2016இல் சட்டத்தைத் திருத்தி, செத்துவிட்டார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சான்றிதழ் தர வழி செய்திருக்கிறார்களாம். என் பக்கத்தில் இருந்தவருக்கு இத்தனை வருஷமாக அது தெரியாது. அது வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை, காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டு 2017இல் தெருவோரம் போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாமாருக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாம்பனில் மீன் விற்கும் அக்காமார் சோறும் குழம்பும் கொண்டுவந்தார்கள், சாப்பாடு போட்டதோடு கிளம்பாமல் உட்கார்ந்து தங்கள் வீட்டுக் கதையையும் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் பெண்கள் பேசவே ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை நாள் முழுக்க மேய்த்த டீச்சருக்கும், திரும்பிப் போகையில் காசு வாங்காத ஆட்டோ தம்பிக்கும் நன்றி. வாசலில் நின்று முணுமுணுத்த ஆண்களுக்கு இல்லை.

இரண்டு மனு எழுதியாகிவிட்டது, வக்கீல் அக்கா அடுத்த மாதம் வரும்போது இன்னும் சிலர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாம்பன் அக்காமாரே, உங்கள் பெரிய தூக்குவாளி என் வீட்டில்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.