ஆமா போடுகிறவளுக்கு

மக்களே,

நேற்று போனில் நீ சலித்துக்கொண்டதைக் கேட்டு அம்மாவுக்கு வருத்தம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தியான்ஜினில் உங்கள் காலேஜ் புத்தாண்டு விழாவில் சியாங்ஷெங், அதுதான் இரண்டு பேர் மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைக்கும் சீனக் கலை, போடுகிறீர்கள், சிரிக்க வைக்கும் வசனமெல்லாம் அந்த ரஷ்யப் பையனுக்கு, உனக்கு "ம்", "அப்படியா?", "அதுசரி" மட்டும். இதற்கா டாக்டர் படிப்புக்கு நடுவில் சீனமும் முட்டி மோதிப் படித்தேன் என்கிறாய். நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் சப்டைட்டிலோடு உட்கார்ந்து பார்த்த தைரியத்தில் சொல்கிறேன். உன் வாத்தியார் கஷ்டமான வேலையை உனக்குத்தான் கொடுத்திருக்கிறார்.

உன் அப்பா இளவட்டத்தில் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்தவன். புலவர் ஒரு வரி சொல்வார், நான் "ஆமா" போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் அவர் சொல்ல வந்தது செத்துப்போகும். பிந்தினால் கூட்டம் கொட்டாவி விடும். மேஜைக்குப் பின்னால் நிற்கிற பெங்கென்னைப் பார்த்ததும் இது நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது. வேடிக்கை பேசும் தோவ்கென்னுக்கு மூன்று பங்கு, அவரைத் தாங்கிப் பிடிக்கும் பெங்கென்னுக்கு ஏழு பங்கு என்று அந்தக் கலைஞர்களே சொல்கிறார்கள். ஹோவ் பாவ்லின் (1917–1993) பெயரைச் சொல்லாமல் யாரும் சியாங்ஷெங் பற்றிப் பேச முடியாது. அவர் பக்கத்தில் குவோ சிரு என்று ஒருவர் நின்றார். இப்போது கொடிகட்டிப் பறக்கும் குவோ தெகாங் உங்கள் தியான்ஜின்காரர்தானே? அவர் மூச்சுவிடாமல் அளந்துகொண்டே போகிறார். யூ சியான் பக்கத்தில் நின்று சும்மா ஒரு பார்வை பார்க்கிறார், எனக்கு அந்தப் பார்வைதான் பிடித்தது.

தனி ஆளாகச் சொல்லும் கதையிலும் இதே சங்கதிதான். தியான்ஜின் கிழவர் மா சான்லி (1914–2003) சொல்கிற துணி திருடன் கதையைப் பார்த்தாயா? காயப்போட்ட துணிக்குச் சின்னப் பையனைக் காவல் வைத்துவிட்டு அம்மா உள்ளே போகிறாள். திருடன் வந்து பையனோடு சிநேகம் பிடித்து, "என் பேரு சும்மாவெளையாட்டு, எங்க, சொல்லு பாப்போம்" என்று பழக்கிவிட்டுத் துணியை உருவுகிறான். பையன் கத்துகிறான்: "அம்மா, நம்ம துணிய எடுக்கான்!" "யாருடா?" "சும்மாவெளையாட்டு!" "பேசாம இருடா!" மறுபடி ஒரு துணி, மறுபடி அதே கத்தல், அதே அதட்டல். கிழவர் முகத்தில் சிரிப்பே கிடையாது, கடைத்திண்ணையில் ஊர்க்கதை பேசுகிற வேகம்தான். இப்போது சொல், நமக்கு எங்கே சிரிப்பு வருகிறது? திருடன் பேசும்போதா? உள்ளே இருந்தபடியே அம்மா பதில் சொல்கிறாளே, அங்கேதான்.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே ஒரு ஓசிச் சிரிப்பு கிடைக்கும். தாஷான் என்று சீனா முழுக்கத் தெரிந்த கனடாக்காரர் மார்க் ரோஸ்வெல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 1988-இல், டிவி விழா ஒன்றில் ஒரு சின்ன நகைச்சுவை நாடகத்தில் நடித்தார். வீட்டுக்குத் தாமதமாக வரும் புருஷன் வேஷம். "யூலான், கதவத் திற, நான் வந்துட்டேன்!" என்றார், அவ்வளவுதான், அரங்கம் அதிர்ந்தது. அந்த வசனத்தில் ஜோக் எங்கே இருக்கிறது? வெள்ளைக்காரன் வாயில் தெருப்பேச்சு வந்ததற்கான சிரிப்பு அது. அவர் அதோடு நிற்காமல் ஜியாங் குன் என்ற சியாங்ஷெங் கலைஞரிடம் முறையாகச் சீடராகச் சேர்ந்து கற்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2012-இல் ஜெஸ்ஸி அப்பெல் என்ற அமெரிக்கப் பையனும் அப்படித்தான் பெய்ஜிங்கில் திங் குவாங்சுவானிடம் போய்ச் சேர்ந்தான். அந்த வாத்தியார் ஹோவ் பாவ்லினின் சீடர், எத்தனையோ வெளிநாட்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

நீ வாயைத் திறந்து தியான்ஜின் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னாலே கை தட்டுவார்கள். தட்டட்டும். அது கிளி பேசினாலும் கிடைக்கிற கைதட்டல். அதற்கு ஆசைப்பட்டு ஒவ்வொரு "ம்"முக்கும் முழியை உருட்டாதே. ரஷ்யப் பையன் சொல்கிற புளுகை உண்மையாகவே கேள். பாதி நம்பு. சந்தேகம் வந்தால் அது முகத்தில் தெரியட்டும். நேரம் கிடைத்தால் உங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் சியாங்ஷெங் நடக்கும்போது போய் உட்கார். தோவ்கென்னை விட்டுவிட்டு, மேஜைக்குப் பின்னால் நிற்பவரையே முழு நேரமும் பார்.

அப்புறம், முக்கியமான விஷயம். பெங்கென்னின் அப்பாவை மேடையில் கேலி செய்வது அங்கே ரொம்ப நாள் வழக்கம் போலிருக்கிறது. குவோ தெகாங் வாயில் யூ சியானின் அப்பா படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ரஷ்யப் பையனும் என்னை விடமாட்டான் என்று தெரிகிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவனிடம் சொல்லிவிடு. என் வழுக்கை, என் குறட்டை, உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணும் என் ஸ்கூட்டர், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். கடைசியில் "போடா அந்தப் பக்கம்" என்று சொல்லி முடிக்கிற வரி பெரும்பாலும் பெங்கென்னுக்குத்தானே, அதை மட்டும் என் சார்பில் நன்றாக அழுத்திச் சொல்.

உன் மாமாவைப் பற்றி மட்டும் எதுவும் வேண்டாம். அம்மாவும் வீடியோ பார்ப்பாள்.

அப்பா