அந்தத் தொட்டி இருக்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. உன் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்பதில் என் மனைவிக்கு என்னைவிடச் சந்தோஷம். இப்போதே என் பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் மாடு தண்ணீர் குடித்த அந்தக் கொல்லைப்புற சிமெண்டுத் தொட்டியை இடிக்க ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாய். குழந்தை வரப்போகிற வீடு, கொசு சேரும், பாம்பு வரும் என்று மாப்பிள்ளை பயப்படுகிறார். நியாயமான பயம்தான். ஆனாலும் கடப்பாரை விழுவதற்கு முன் நான் சொல்வதைக் கேள்.

பெங்களூரில் எங்கள் ஜாலஹள்ளி வீட்டுக் குளத்தைப் பற்றி போனில் சொல்லியிருக்கிறேன். எட்டடிக்கு ஆறடி, ஆழம் இரண்டடி, அவ்வளவுதான். மொட்டைமாடி மழைத்தண்ணீர் குழாய் வழியாக அதில் விழும். பம்பு கிடையாது, கலர் மீன் கிடையாது. நான் போட்டது ஒரு அல்லிக் கிழங்கு, ஒரு பிடி வேலம்பாசி, இங்குள்ள ஏரியில் பிடித்த, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் பொடி மீன்கள் கொஞ்சம். மற்ற உயிர்களெல்லாம் தாமாக வந்தவை. எனக்கு இன்றும் ஆச்சரியம் அதுதான். இத்தனை வீடும் ரோடும் தாண்டி, இங்கே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதென்று அவற்றுக்கு எப்படியோ தெரிகிறது.

முதலில் தட்டான்கள் வந்தன. வாலின் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுப் போயின. அடுத்த மழைக்குத் தவளைகள். ஒன்று கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதக்கிற வகை. கிட்டே போனால் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடும். இன்னொன்று மரத்தவளை. இது தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில், முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து வைத்தது போல நுரைக்கூடு கட்டுகிறது. சில நாளில் கூடு இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நேராகக் குளத்தில் விழுகின்றன. எங்கே கட்டினால் தண்ணீரில் விழும் என்று அந்தத் தாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தது!

அண்ணன் போன பிறகு என் தூக்கம் கெட்டது உனக்குத் தெரியும். விடியுமுன் விழிப்பு வந்துவிடும், நாற்காலியைப் போட்டுக் குளத்தருகே உட்கார்ந்துவிடுவேன். தட்டான் பிறப்பதை அப்படித்தான் பார்த்தேன். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் ஊர்ந்து திரிந்த பழுப்புப் பூச்சி ஒரு அல்லித் தண்டைப் பிடித்து மேலே ஏறியது. நகராமல் நின்றது. முதுகு வெடித்து உள்ளிருந்து தலை, மார்பு, கால் என்று வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. பிறகு நிமிர்ந்து, மீதி உடம்பையும் உருவிக்கொண்டது. கசங்கிக் கிடந்த இறக்கைகள் மெல்ல மெல்ல விரிந்து கண்ணாடி மாதிரி தெளிந்தன. வெயில் வந்ததும் பறந்துவிட்டது. தண்டில் ஓடு மட்டும். துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்டா. ஆனால் அந்த நேரத்தில் மனசு தன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறது. அது எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

நாம் வாலில் நூல் கட்டி விட்ட அந்த மஞ்சள் தட்டான் இருக்கிறதே, அந்த வகை கூட்டம் கூட்டமாக மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 2009இல் எழுதியிருக்கிறார். மழைக் குட்டைகளில் பிறக்கிற பூச்சி அது. உன் தொட்டியிலும் பிறந்திருக்கும்.

பறவைகளை எழுதினால் காகிதம் போதாது. செம்மீசைச் சின்னான் தினமும் குளிக்க வரும், மடையான் தவம் கிடக்கும். குளிர்காலத்தில் வடக்கே மலைகளிலிருந்து ஒரு வாலாட்டிக் குருவி வந்து ஓரத்தில் நடை பழகும்.

இந்த ஊரில் ஏரிகள் போன கதை உனக்குத் தெரியும். நீ வந்து இறங்கும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. தண்ணீரை நம்பிய உயிர்களெல்லாம் எங்கே போகும்? 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றார்கள். நூறு கிலோமீட்டர் தாண்டி ஏற்றி வரும் காவிரித் தண்ணீர், அதைக் குளத்துக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஏப்ரல் முழுக்க மழையில்லை, குளம் முக்கால்வாசி வற்றிவிட்டது. ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது பார், அன்று ராத்திரி தவளைச் சத்தத்தில் தெருவே விழித்திருந்தது.

சரி, மாப்பிள்ளையின் பயத்துக்கு வருகிறேன். கொசுப்புழு பெரிதாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மீனும் தட்டான் குஞ்சும் உள்ள தண்ணீரில் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டெங்குக் கொசுவுக்குப் பிடித்தது பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத தண்ணீர் டிரம். அவற்றை முதலில் கவனிக்கச் சொல். தண்ணீர்ப் பாம்பு எப்போதாவது வரும், இங்கேயும் வந்தது. அதற்கு விஷமில்லை, ஆனால் சீண்டினால் கடிக்கும். சுற்றி விறகு, செங்கல் குவியாமல் வைத்துக்கொண்டால் மற்ற பாம்புகள் தங்க இடமிருக்காது. குழந்தை விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. இரண்டடித் தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து. தவழ ஆரம்பிக்கும் முன்பே தொட்டி மேல் கெட்டியான கம்பி வலை, பூட்டோடு. உள்ளே ஒரு பலகையைச் சரிவாகச் சாய்த்து வை. தவறி விழும் அணிலும் ஓணானும் ஏறிப் பிழைக்கும்.

இடிக்க வரும் ஆளிடமே வலை அடிக்கும் வேலையைக் கொடுத்துவிடு. ஐப்பசியில் குழந்தையைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், அல்லிக் கிழங்கு கொண்டுவருகிறேன். தொட்டி எத்தனை அடி ஆழம் என்று அளந்து எழுது.

உன் மனைவியையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

உன் நண்பன்