எட்வர்ட் தாமஸைப் போர்க் கவிஞர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்

முதல் உலகப் போர்க் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் தொகுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் தாமஸைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல்.

போர்க் கவிதைத் தொகுப்பு என்றால் வில்ஃப்ரட் ஓவன், சசூன் ஆகியோருக்குப் பக்கத்தில் தாமஸுக்கும் இரண்டு மூன்று பக்கம் ஒதுக்குவது வழக்கம். ஒதுக்க வேண்டியதுதான். 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்களன்று, பிரான்சின் அராஸ் போர்முனையில் 39 வயதில் இறந்தவர். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் போர்க் கவிஞர்கள் 16 பேருக்காக வைத்த கல்லிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் பிரான்சுக்குக் கப்பலேறியது அந்த ஆண்டு ஜனவரி கடைசியில்தான். போன பிறகு ஒரு கவிதைகூட எழுதி முடிக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் சுமார் 140 கவிதைகளும் 1914 டிசம்பருக்கும் 1917 ஜனவரிக்கும் இடையில் இங்கிலாந்திலேயே எழுதப்பட்டவை. பதுங்குகுழியை எதிர்பார்த்துப் படிக்க வருகிறவருக்கு அவற்றில் மழையும் வேலியோரச் செடியும் பறவையும்தான் கிடைக்கும். அந்த வாசகரை நாம் தயார்ப்படுத்தி அனுப்ப வேண்டாமா?

கவிதை எழுதத் தொடங்கியபோது தாமஸுக்கு வயது 36. அதற்கு முன் ஏறக்குறைய 20 ஆண்டு அவர் உரைநடைக்காரர். 19 வயதில், 1897இல், காட்டு வாழ்க்கை பற்றிய முதல் புத்தகம் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள். மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை, பேனா ஓடினால்தான் அடுப்பு எரியும். நாளிதழ்களுக்கு மதிப்புரை, பதிப்பகம் கேட்டால் வேல்ஸ் பற்றி ஒரு நூல், பழைய சாலைகள் பற்றி ஒரு நூல், இயற்கை எழுத்தாளர் ரிச்சர்ட் ஜெஃப்ரீஸின் வாழ்க்கை வரலாறு என்று எழுதித் தள்ளினார். அந்த ஓட்டமே அவரை வாட்டியது. மனச்சோர்வு அவரை விடாமல் துரத்தியது. அதற்கு மருந்துபோல மைல் கணக்கில் நடந்தார்.

விமர்சகராக அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். டபிள்யூ. எச். டேவிஸ் ஒரு கால் இழந்த நாடோடி. அவர் கவிதையைப் பாராட்டி எழுதியதோடு தாமஸ் நிற்கவில்லை. தங்க ஒரு குடிசை ஏற்பாடு செய்தார். டேவிஸின் மரக்கால் உடைந்தபோது, வண்டிச்சக்கரம் செய்யும் உள்ளூர்த் தச்சரிடம் சொல்லி மாற்றுக்கால் செய்து கொடுத்தார்.

அப்புறம் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட். 1914இல் ஃப்ராஸ்டின் இரண்டாம் தொகுப்புக்குத் தாமஸ் ஒன்றல்ல, மூன்று மதிப்புரை எழுதினார். ஃப்ராஸ்ட் திருப்பிக் கொடுத்தது அதைவிடப் பெரிது. தாமஸ் 1913இல் லண்டனிலிருந்து மேற்கே சைக்கிளில் போன பயணத்தை நூலாக எழுதியிருந்தார். ஃப்ராஸ்ட் அதில் சில இடங்களைக் காட்டி, இதே ஓசையோடு வரிகளாக எழுதிப்பார், நீ ஏற்கெனவே கவிஞன்தான் என்றார். 1914 டிசம்பர் 3 அன்று முதல் கவிதை வந்தது. அடுத்த நான்கு நாளில் இன்னும் நான்கு.

ஆகவே, கவிதைக்குப் பக்கத்திலேயே அவருடைய உரைநடையிலிருந்தும் ஒரு பத்தி போடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ‘ஆடில்ஸ்ட்ராப்’ கவிதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 ஜூன் 24, ரயில் ஒரு சிற்றூர் நிலையத்தில் நிற்கிறது. நீராவி சீறும் சத்தம், மனித நடமாட்டம் இல்லை, 12.45 மணிக்கு வில்லோ மரங்களுக்கு நடுவே பறவைக் குரல். அத்தனையும் அன்றைய குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் மெடோஸ்வீட் பூக்களையும் நீண்ட புல்லையும் அவர் பார்த்தது அங்கே இல்லை, அடுத்து கேம்ப்டனுக்கு வெளியே வண்டி நின்றபோது. ஆறு மாதம் கழித்து, கணுக்கால் சுளுக்கி வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில், இரண்டு நிறுத்தங்களையும் ஒன்றாக்கி 16 வரி எழுதினார். அதற்குள் போர் வந்துவிட்டது. கவிதையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குறிப்பேட்டை வைத்துப் படிக்கிறவருக்குத்தான் அந்த அமைதியின் கனம் தெரியும்.

அதில் பாடும் ‘பிளாக்பேர்டை’க் கரிச்சான் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். கரிச்சான் வேறு. இந்தப் பறவையின் நெருங்கிய உறவு நம் நீலகிரிச் சோலைகளில் பாடிக்கொண்டிருக்கிறது. ‘ஏதோ ஒரு பறவை’, ‘காட்டுப்பூ’ என்று கடந்துபோவதற்கு இவர் இடம் தருகிறவர் இல்லை. பெயர்தான் அவருக்கு உயிர்.

இரண்டாவது வேண்டுகோள் அவர் மரணம் பற்றியது. குண்டு வெடித்த அதிர்விலேயே இதயம் நின்றது, உடம்பில் ஒரு கீறலும் இல்லை என்ற கதையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அழகான கதைதான், ஆனால் குண்டு மார்பைத் துளைத்துக்கொண்டு போனது என்று அவருடைய படைப்பிரிவு அதிகாரி 1936இல் எழுதிய கடிதம் பின்னாளில் வெளிவந்திருக்கிறது. மனைவி மனம் ஆறட்டும் என்று சொல்லப்பட்டதை நாம் வரலாறாக அச்சிட வேண்டாம்.

அவர் போருக்கு ஏன் போனார் என்பதற்கும் இடம் கொடுங்கள். 37 வயது, குடும்பஸ்தர், கட்டாயம் ஏதுமில்லை. ஃப்ராஸ்ட் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். எதற்காகப் போரிடப் போகிறீர்கள் என்று தோழி எலினார் ஃபார்ஜன் கேட்டபோது, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே நொறுக்கி, இதற்காகத்தான் என்றாராம். போர்முனை நாட்குறிப்பிலும் வானம்பாடிகளையும் கௌதாரிகளையும் குறித்துக்கொண்டே இருக்கிறார். சொந்தப் பெயரில் கவிதை நூல் வந்து அவர் பார்க்கவே இல்லை. எட்வர்ட் ஈஸ்ட்அவே என்ற புனைபெயரில்தான் பத்திரிகைகளுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு உதவி. முதல் வாரத்தில் எழுதிய ஐந்தில் ஒன்று, வாசற்படியோரம் வளரும் ஒரு வாசனைச் செடி பற்றியது. அதற்கு ஆங்கிலத்தில் ‘கிழவன்’ என்றும் ‘வாலிபக் காதல்’ என்றும் இரண்டு பெயர். நம் மரிக்கொழுந்தின் இனம். போகும்போதும் வரும்போதும் குழந்தை அதன் நுனியைக் கிள்ளிப் பாதையில் உதிர்க்கிறது. அப்பாவும் கிள்ளி முகர்ந்து பார்க்கிறார், எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார், வரவில்லை. மூன்று முறை தமிழாக்கிப் பார்த்தேன். மரிக்கொழுந்து என்று போட்டால் மணம் வருகிறது, கிழவனும் வாலிபனும் காணாமல் போகிறார்கள். பெயர்களைப் போட்டால் மணம் போய்விடுகிறது. உங்களில் யாருக்காவது வழி கிடைத்திருந்தால் தயவுசெய்து அச்சில் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தாமஸின் வாசகர் ஒருவர்